பக்கம், மூலைவிட்டம், சமச்சீர்: பலகோணங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள விடைகளில் ‘ப’ என்று வருவதெல்லாம் பக்கங்களின் எண்ணிக்கை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பலகோணம், ஐங்கோணம், அறுகோணம் என்பதை இலங்கைப் பாடநூல்கள் பல்கோணி, ஐங்கோணி, அறுகோணி என்கின்றன. பொருள் ஒன்றுதான்.

எதைப் பலகோணம் என்று சொல்லலாம்?

மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட நேர்கோட்டுத் துண்டுகள் ஒரே தளத்தில் முனையோடு முனை சேர்ந்து, கடைசித் துண்டு முதல் துண்டின் தொடக்கத்தில் வந்து முடிய வேண்டும். இடையில் எந்த இரண்டு துண்டும் ஒன்றையொன்று வெட்டக் கூடாது. ‘ப’ என்ற எழுத்து மூன்று நேர்கோடுகளால் ஆனதுதான், ஆனால் மேலே வாய் திறந்திருக்கிறது. அதனால் அது பலகோணம் ஆகாது. அரைவட்டத்தில் ஒரு நேர்கோடு இருந்தாலும் மற்றது வளைவு, அதுவும் சேராது.

நட்சத்திரத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு வாசலில் தொங்கவிடும் ஐந்து முனை நட்சத்திரத்தின் வெளிக்கோட்டை மட்டும் பார்த்தால் அது 10 பக்கமுள்ள சரியான பலகோணம். பேனாவை எடுக்காமல் ஐந்தே கோடுகளில் போடும் நட்சத்திரத்தில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன, அதனால் பள்ளிப் பாடத்தின் வரையறைக்குள் அது வராது. அந்த ஐந்து கோடுகளும் உண்மையில் ஓர் ஐங்கோணத்தின் மூலைவிட்டங்கள், அதாவது அடுத்தடுத்து இல்லாத இரண்டு முனைகளை இணைக்கும் கோடுகள்.

நாற்கரம் என்கிறோம், அடுத்ததை ஏன் ஐங்கோணம் என்கிறோம்?

கரம் என்றது பக்கத்தை. நாற்கரம் பக்கத்தை எண்ணி வைத்த பெயர், ஐங்கோணம் கோணத்தை எண்ணி வைத்த பெயர். எந்தப் பலகோணத்திலும் பக்கம், முனை, கோணம் மூன்றும் ஒரே எண்ணிக்கையில் இருப்பதால் எதை எண்ணினாலும் குழப்பம் வராது.

எல்லாப் பக்கங்களும் சமமாக இருந்தாலே அது ஒழுங்கு பலகோணம்தானே?

இல்லை. பக்கங்களும் சமமாக இருக்க வேண்டும், கோணங்களும் சமமாக இருக்க வேண்டும். சாய்சதுரத்தில் நான்கு பக்கமும் சமம், ஆனால் கோணங்கள் சமமில்லை. செவ்வகத்தில் நான்கு கோணமும் 90°, ஆனால் நீளமும் அகலமும் வேறு. இரண்டும் சேர்ந்தால்தான் சதுரம். முக்கோணம் மட்டும் விதிவிலக்கு: பக்கங்கள் சமம் என்றால் கோணங்களும் தாமாகவே 60° ஆகிவிடும், கோணங்கள் சமம் என்றால் பக்கங்களும் சமமாகிவிடும். முக்கோணத்தில் பழகிய இந்த வசதியை நான்கு பக்கத்துக்கும் அதற்கு மேலும் கொண்டுபோவதுதான் இந்தத் தவறின் வேர்.

குவிவா குழிவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பலகோணத்தின் ஒவ்வொரு முனையிலும் ஓர் ஆணி அடித்து, வெளியே ஒரு ரப்பர் வளையத்தை மாட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா ஆணியிலும் ரப்பர் மடங்கி நின்றால் குவிவு. ஏதாவது ஓர் ஆணியைத் தொடாமல் தாண்டிப் போனால் குழிவு. அந்த முனையின் உட்கோணம் 180°-ஐ விடப் பெரியதாக இருக்கும். குழிவுப் பலகோணத்தில் ஒரு மூலைவிட்டமாவது முழுவதுமோ ஒரு பகுதியோ உருவத்துக்கு வெளியே போகும். வெளியே போனாலும் அது மூலைவிட்டம்தான், எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும்.

உட்கோணங்களின் கூடுதல் ஏன் (ப − 2) × 180°?

ஒரு முனையைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து போடக்கூடிய எல்லா மூலைவிட்டங்களையும் போடுங்கள். குவிவுப் பலகோணம் (ப − 2) முக்கோணங்களாகப் பிரியும். ஒவ்வொன்றிலும் 180°. அவ்வளவுதான். நாற்கரத்துக்கு 360°, ஐங்கோணத்துக்கு 540°, அறுகோணத்துக்கு 720°, எண்கோணத்துக்கு 1080°. குழிவுப் பலகோணத்துக்கும் இதே கூடுதல்தான் வரும். எந்த முனையிலிருந்து பிரிப்பது என்பதில் மட்டும் கவனம் வேண்டும்.

சிலர் நடுவில் ஒரு புள்ளி வைத்துப் பிரிப்பார்கள். அப்போது ‘ப’ முக்கோணங்கள் கிடைக்கும், ஆனால் நடுப்புள்ளியைச் சுற்றியுள்ள 360° பலகோணத்தின் கோணம் அல்ல. அதைக் கழிக்க வேண்டும். கழிக்க மறந்து ஐங்கோணத்துக்கு 900° என்று எழுதிவிடுவது விடைத்தாள்களில் அடிக்கடி காணும் பிழை.

ஒழுங்கு பலகோணம் என்றால் வெளிக்கோணத்திலிருந்து தொடங்குவது எளிது. குவிவுப் பலகோணத்தின் வெளிக்கோணங்கள் எத்தனை பக்கமானாலும் கூடுதல் 360°. ஓரமாகவே நடந்து சுற்றி வந்தால் ஒரு முழுச் சுற்றுத் திரும்பியிருப்போம். உட்கோணம் 156° என்று கொடுத்துப் பக்கம் கேட்டால், வெளிக்கோணம் 24°, 360 ÷ 24 = 15 பக்கம். உட்கோணம் 155° என்றால் 360 ÷ 25 = 14.4, அப்படி ஓர் ஒழுங்கு பலகோணமே கிடையாது.

எண்கோணச் சட்டம் செய்தோம். ஏழு மூட்டு சரியாகச் சேர்ந்தது, எட்டாவதில் பெரிய இடைவெளி. ஏன்?

சட்டத் துண்டின் முனையைச் சாய்த்து அறுக்கும் கோணம், நேர்வெட்டிலிருந்து 180 ÷ ப. சதுரச் சட்டத்துக்கு 45°, அறுகோணத்துக்கு 30°, எண்கோணத்துக்கு 22.5°. எட்டுத் துண்டுக்கு 16 வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் அரை பாகை ஒரே பக்கமாகத் தவறினால் மொத்தம் 8° தவறு, அது முழுவதும் கடைசி மூட்டில் வந்து நிற்கும். இறுக்கிப் பிடித்து ஆணி அடித்தால் வேறு மூட்டு விரியும்.

வீணான மரத்தில் முதலில் எட்டுச் சிறு துண்டுகளை அறுத்து, தரையில் வட்டமாகச் சேர்த்துப் பாருங்கள். இடைவெளி எத்தனை பாகையோ அதை 16-ஆல் வகுத்து, அந்த அளவுக்கு வெட்டுக் கோணத்தைத் திருத்துங்கள். உள்பக்கம் ஒட்டி வெளிப்பக்கம் வாய் பிளந்தால் கோணத்தைக் கூட்ட வேண்டும்; வெளிப்பக்கம் ஒட்டி உள்ளே பிளந்தால் குறைக்க வேண்டும்.

மூலைவிட்டங்களின் எண்ணிக்கைச் சூத்திரத்தில் 3 ஏன், 2 ஏன்?

சூத்திரம் ப × (ப − 3) ÷ 2. ஒரு முனையிலிருந்து தனக்கே கோடு போட முடியாது. இருபுறமும் பக்கத்தில் இருக்கும் முனைகளுக்குப் போட்டால் அது மூலைவிட்டம் அல்ல, பக்கம். இந்த மூன்றையும் விட்டால் (ப − 3). இப்படி ‘ப’ முனைகளிலும் எண்ணும்போது ஒவ்வொரு மூலைவிட்டமும் அதன் இரு நுனிகளிலிருந்தும் இரண்டு முறை எண்ணப்படுகிறது, அதனால் 2-ஆல் வகுக்கிறோம்.

முக்கோணத்துக்கு 0, நாற்கரத்துக்கு 2, ஐங்கோணத்துக்கு 5, அறுகோணத்துக்கு 9, எழுகோணத்துக்கு 14, எண்கோணத்துக்கு 20, பத்துப் பக்கத்துக்கு 35, பன்னிரண்டு பக்கத்துக்கு 54. பக்கமும் மூலைவிட்டமும் ஒரே எண்ணிக்கையில் இருப்பது ஐங்கோணத்தில் மட்டும்தான்.

‘12 பேர் ஒருவருக்கொருவர் கை குலுக்கினால்’ என்ற கணக்கோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே பக்கத்தில் இருப்பவருக்கும் கை கொடுக்கிறோம்; விடை 12 × 11 ÷ 2 = 66. அதிலிருந்து 12 பக்கங்களைக் கழித்தால் 54 மூலைவிட்டம்.

மூலைவிட்ட எண்ணிக்கை கொடுத்துப் பக்கம் கேட்டால்?

கொடுத்த எண்ணை இரட்டிப்பாக்குங்கள். 3 வித்தியாசமுள்ள இரண்டு முழு எண்களின் பெருக்கலாக அதை எழுத முடிகிறதா என்று பாருங்கள். பெரிய எண்தான் விடை. 44 மூலைவிட்டம் என்றால் 88 = 8 × 11, எனவே 11 பக்கம். 30 என்றால் 60; 6 × 9 = 54, 7 × 10 = 70, நடுவில் எதுவும் இல்லை. 30 மூலைவிட்டமுள்ள பலகோணம் இல்லை என்பதே விடை.

ஒழுங்கு பலகோணத்தில் எல்லா மூலைவிட்டமும் ஒரே நீளமா?

சதுரத்திலும் ஒழுங்கு ஐங்கோணத்திலும் மட்டும் அப்படி. அறுகோணத்தில் இரண்டு வகை: மையத்தைக் கடக்கும் 3 நீளமானவை பக்கத்தைப் போல 2 மடங்கு, மற்ற 6 குட்டையானவை √3 மடங்கு, அதாவது ஏறக்குறைய 1.732. எண்கோணத்தில் மூன்று வகை: 1.848 மடங்கில் 8, 2.414 மடங்கில் 8, 2.613 மடங்கில் 4. ஐங்கோணத்தின் மூலைவிட்டம் பக்கத்தைப் போல (1 + √5) ÷ 2 மடங்கு, அதாவது 1.618. பொன் விகிதம் என்று சொல்லப்படும் எண் இதுதான்.

ஒழுங்கு அறுகோணத்தில் மூலைவிட்டங்கள் வெட்டும் புள்ளிகளை எண்ணினால் 13 வருகிறது. விடை 15 என்கிறார்களே?

உங்கள் எண்ணிக்கை சரி. எந்த நான்கு முனைகளை எடுத்தாலும் அவற்றின் நாற்கரத்தில் இரண்டு மூலைவிட்டங்கள் ஒரு புள்ளியில் வெட்டும். ஆறு முனைகளில் நான்கைத் தேர்ந்தெடுக்க 15 வழி, எனவே 15 வெட்டு. ஒழுங்கு அறுகோணத்தில் மூன்று நீள மூலைவிட்டங்களும் மையத்திலேயே சந்திப்பதால், தனித்தனியாக விழ வேண்டிய மூன்று புள்ளிகள் ஒன்றாகிவிடுகின்றன. ஒரு முனையைச் சற்று நகர்த்தி வரையுங்கள். மையத்தில் ஒரு குட்டி முக்கோணம் திறந்து 15 புள்ளியும் தெரியும். உள்ளே இருக்கும் துண்டுகளும் 24-லிருந்து 25 ஆகும்.

மூலைவிட்டத்தை மட்டும் பார்த்து நாற்கரத்தின் வகையைச் சொல்ல முடியுமா?

முடியும், கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. ஒன்றையொன்று சரிபாதியாக வெட்டுகின்றனவா? நீளம் சமமா? செங்குத்தா? சரிபாதி வெட்டு மட்டும் இருந்தால் இணைகரம். அதோடு நீளமும் சமம் என்றால் செவ்வகம். சரிபாதியும் செங்குத்தும் என்றால் சாய்சதுரம். மூன்றும் இருந்தால் சதுரம். செங்குத்து, ஆனால் ஒன்று மட்டுமே மற்றதைச் சரிபாதியாக வெட்டுகிறது என்றால் பட்டம். சரிபாதி வெட்டு இல்லாத இடத்தில் நீளச் சமம் மட்டும் இருந்தால் எதையும் முடிவு செய்யாதீர்கள். இருசமபக்கச் சரிவகத்துக்கும் மூலைவிட்டங்கள் சமம்.

நான்கு பக்கமும் அளந்தாகிவிட்டது. பரப்பளவு கண்டுபிடிக்க அது போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள், ஏனென்றால் இங்கே தவறு பணமாகப் போகிறது.

முதலில் ஒரு சோதனை. விளக்குமாற்றிலிருந்து நான்கு ஈர்க்குகளை எடுத்து, நுனிகளை நூலால் கட்டி ஒரு சதுரம் செய்யுங்கள். ஒரு மூலையை லேசாகத் தள்ளினால் அது சாய்சதுரமாகச் சரிந்து, கடைசியில் தட்டையாகப் படுத்துவிடும். பக்கம் ஒன்றுகூட மாறவில்லை, பரப்பு பூஜ்யம் வரை போய்விட்டது. இப்போது குறுக்கே ஓர் ஈர்க்கைக் கட்டுங்கள். அசையாது. மூன்று ஈர்க்கில் கட்டிய முக்கோணம் தானாகவே அசையாது. ஐங்கோணத்துக்கு இரண்டு குறுக்கு, அறுகோணத்துக்கு மூன்று. பொதுவாக (ப − 3). ஒரு முனையிலிருந்து போகும் மூலைவிட்டங்களின் எண்ணிக்கையும் அதேதான். இரும்புக் கேட்டில் குறுக்கே ஒரு பட்டை வைத்துப் பற்றவைப்பதும் இதற்காகவே.

இனி மனைக்கு வருவோம். ஒரு மனையின் பக்கங்கள் வரிசையாக 30, 40, 50, 50 அடி. 30-க்கும் 40-க்கும் இடையிலுள்ள முனையை ஒரு புறமும், இரண்டு 50-க்கும் இடையிலுள்ள முனையை மறு புறமும் விட்டுக் குறுக்கே போகும் மூலைவிட்டத்தை எடுத்துக்கொள்வோம். அது 40 அடி என்றால் மனையின் பரப்பு 1,473 சதுர அடி. 50 அடி என்றால் 1,683. 60 அடி என்றால் 1,733. வேலி நீளம் மூன்றிலும் 170 அடிதான்.

எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியை எடுத்துப் பெருக்கும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது: (30 + 50) ÷ 2 = 40, (40 + 50) ÷ 2 = 45, பெருக்கினால் 1,800 சதுர அடி. இந்த முறை செவ்வகத்துக்கு மட்டுமே சரியான விடை தரும். மற்ற எல்லா நாற்கரத்துக்கும் உண்மையைவிடக் கூடுதலாகத்தான் காட்டும், ஒருபோதும் குறைத்துக் காட்டாது. மூலைவிட்டம் 50 அடியாக உள்ள மனையில் இந்த வித்தியாசம் 117 சதுர அடிக்கு மேல். ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால், கால் சென்ட்டுக்கும் அதிகமாக இல்லாத நிலத்துக்கு வாங்குபவர் விலை கொடுக்கிறார்.

சரியான வழி: டேப்பைக் குறுக்கே இழுத்து மூலைவிட்டத்தை அளந்து, மனையை இரண்டு முக்கோணமாக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் ஹீரோன் சூத்திரம்: மூன்று பக்கங்களையும் கூட்டிப் பாதியாக்குங்கள், அந்தப் பாதியிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழியுங்கள், பாதியையும் கிடைத்த மூன்று மீதிகளையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 50, 50, 50 முக்கோணத்துக்குப் பாதி 75; 75 × 25 × 25 × 25 = 11,71,875; வர்க்கமூலம் 1,082.5. மற்ற முக்கோணம் 30, 40, 50, அது செங்கோண முக்கோணம், 600. கூட்டினால் 1,682.5. முடிந்தால் இன்னொரு மூலைவிட்டத்தையும் அளந்து அதே கணக்கைப் போடுங்கள். இரண்டு விடையும் ஒத்துவந்தால்தான் அளவு சரி. ஐந்து பக்க மனைக்கு இரண்டு மூலைவிட்டம், ஆறு பக்கத்துக்கு மூன்று.

அஸ்திவாரம் போடும்போது இரண்டு மூலைவிட்டமும் சமமாக இருந்தால் மூலை மட்டம் சரிதானே?

எதிர்ப்பக்கங்கள் சமமா என்று முதலில் பார்த்திருந்தால் மட்டும். முன்பக்கம் 16 அடி, பின்பக்கம் 15 அடி என்று இரு புறமும் ஒரே அளவு குறுகிப் போனால் அது இருசமபக்கச் சரிவகம். மூலைவிட்டங்கள் சமமாகவே இருக்கும், அறை கோணலாக இருக்கும். ஆகவே முதலில் எதிரெதிர்ப் பக்கங்கள், பிறகு மூலைவிட்டங்கள்.

16 × 12 அடி அறைக்கு மூலைவிட்டம் சரியாக 20 அடி. 16 அடிச் சுவர்க் கோடு அப்படியே 1 அங்குலம் பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் ஒரு மூலைவிட்டம் 0.8 அங்குலம் கூடும், மற்றது 0.8 அங்குலம் குறையும், வித்தியாசம் 1.6 அங்குலம். தவறு பெரிதாகித் தெரிவதால்தான் மூலைவிட்டச் சோதனை மூலைமட்டப் பலகையை விட நம்பகமானது. டேப் தொய்ந்தால் இரண்டு அளவும் பொய். இருவர் இழுத்துப் பிடித்து, முளையின் ஒரே விளிம்பிலிருந்து அளக்க வேண்டும்.

செவ்வகத்தின் மூலைவிட்டம் அதைச் சரிபாதியாகப் பிரிக்கிறது. பிறகு ஏன் அது சமச்சீர்க் கோடு இல்லை?

ஒரு ஏ4 தாளை மூலைவிட்டத்தின் வழியே மடியுங்கள். தாள் 210 × 297 மில்லிமீட்டர். மடித்ததும் இரண்டு மூலைகள் ஒன்றின்மேல் ஒன்று விழாமல், இரண்டு காதுகள்போல் தள்ளி நிற்கும். இரு பாதியும் சர்வசமம் என்பது உண்மை, ஆனால் ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம் அல்ல. 180° சுழற்றினால்தான் பொருந்தும். பாதியாகப் பிரிப்பது வேறு, மடித்தால் பொருந்துவது வேறு. செவ்வகத்துக்குச் சமச்சீர்க் கோடு இரண்டு, இரண்டும் எதிர்ப்பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைப்பவை. சாய்சதுரத்துக்கும் இரண்டு, அங்கே மூலைவிட்டங்களே கோடுகள். சதுரத்துக்கு இந்த நான்கும் உண்டு.

சமச்சீர்க் கோடு ஒன்றுகூட இல்லாமல் சுழல் சமச்சீர் இருக்க முடியுமா?

இணைகரம் அப்படித்தான். எப்படி மடித்தாலும் பொருந்தாது, 180° சுழற்றினால் பொருந்தும். ஒரு முழுச் சுற்றில் இரண்டு முறை பொருந்துவதால் சுழல் சமச்சீர் வரிசை 2. மறுபுறம், பட்டத்துக்கு ஒரு கோடு உண்டு, சுழல் சமச்சீர் இல்லை. வரிசை 1 என்றால் முழுச் சுற்றுச் சுற்றித்தான் பழைய நிலைக்கு வருகிறது என்று பொருள், அதைச் சுழல் சமச்சீர் என்று சொல்வதில்லை.

எண்ணிக்கையைச் சரிபார்க்க ஒரு விதி இருக்கிறது, பாடநூலில் எளிதில் கண்ணில் படாது: எந்தப் பலகோணத்திலும் சமச்சீர்க் கோடுகள் ஒன்றுமே இல்லை, அல்லது சுழல் சமச்சீர் வரிசை எவ்வளவோ சரியாக அவ்வளவு. வரிசை 4, கோடுகள் 2 என்று வந்தால் ஏதோ இரண்டு கோடுகளை விட்டுவிட்டீர்கள்.

ஒழுங்கு பலகோணத்தில் கோடுகள் எங்கே ஓடும்?

‘ப’ பக்கத்துக்கு ‘ப’ கோடுகள், சுழல் சமச்சீர் வரிசையும் ‘ப’. ஒற்றைப்படை என்றால் ஒவ்வொரு கோடும் ஒரு முனையிலிருந்து எதிர்ப்பக்கத்தின் நடுவுக்குப் போகும். இரட்டைப்படை என்றால் பாதிக் கோடுகள் முனைக்கு முனை, பாதி நடுவுக்கு நடு. இரட்டைப்படையில் முனைக்கு முனை போகும் கோடுகளை மட்டும் எண்ணி, அறுகோணத்துக்கு 3 என்று நிறுத்திவிடுவது வழக்கமான தவறு.

கையில் பழைய 11 பக்க 2 ரூபாய் நாணயமும் இப்போதைய 12 பக்க 20 ரூபாய் நாணயமும் இருந்தால் மேசையில் வைத்துப் பாருங்கள். 12 பக்க நாணயத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் நேர் எதிரே இணையான பக்கம் இருக்கும். 11 பக்க நாணயத்தில் பக்கத்துக்கு எதிரே முனைதான். (நாணயத்தின் ஓர வடிவத்தைச் சொல்கிறோம், மேலே உள்ள எழுத்தையும் சேர்த்தால் சமச்சீர் போய்விடும்.)

போல்ட் தலை ஏன் அறுகோணம்?

ஸ்பேனர் பிடிக்க எதிரே இணையான பக்கம் வேண்டும், எனவே இரட்டைப்படை. சதுரத் தலை என்றால் 90° திருப்பினால்தான் ஸ்பேனரை மறுபடி மாட்ட முடியும், இடுக்கில் கை போகாது. எண்கோணம் என்றால் 45° போதும், ஆனால் முனை 135°-க்கு மழுங்கிவிடுவதால் ஸ்பேனர் வழுக்கும். அறுகோணத்துக்கு 60°. வாய் திறந்த ஸ்பேனரின் தலை கைப்பிடியோடு 15° சாய்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒவ்வொரு முறையும் ஸ்பேனரைக் குப்புறத் திருப்பி மாட்டினால் 30° இடம் இருந்தாலே வேலை நடக்கும்.

13 மில்லிமீட்டர் ஸ்பேனர் என்பது பக்கத்துக்குப் பக்கம் உள்ள அளவு. முனைக்கு முனை அதன் 1.155 மடங்கு, ஏறக்குறைய 15. முனையை அளந்து ஸ்பேனர் எடுத்தால் பெரியது வந்து தலையை உருட்டிவிடும். இதற்கு நேர்மாறாக, அமெரிக்கத் தீயணைப்புக் குழாய்களில் ஐங்கோணத் தலையை வேண்டுமென்றே வைக்கிறார்கள்; எதிரே இணைப்பக்கம் இல்லாததால் சாதாரண ஸ்பேனர் பிடிக்காது, கண்டவர் திறக்க முடியாது.

இடுக்குப் புள்ளிக் கோலம் அறுகோணம்தானா? போட்டால் நீளமாகத் தெரிகிறதே?

7 புள்ளி, இடுக்கு, 4-இல் நிறுத்து என்றால் வரிசைகள் 4, 5, 6, 7, 6, 5, 4. மொத்தம் 37 புள்ளி. மையத்திலிருந்து எண்ணினால் 1, 6, 12, 18 என்று அறுகோண வளையங்களாக விரியும். வெளிக்கோடு ஒழுங்கு அறுகோணமாக வர, வரிசைக்கு வரிசை உள்ள தூரம் புள்ளிக்குப் புள்ளி உள்ள தூரத்தில் 0.866 பங்கு இருக்க வேண்டும். புள்ளிகள் 2 அங்குல இடைவெளி என்றால் வரிசை ஏறக்குறைய 1¾ அங்குலம். பழக்கத்தில் வரிசையையும் 2 அங்குலமே விட்டுவிடுகிறோம், கோலம் மேலும் கீழும் இழுபட்டு, 6 சமச்சீர்க் கோடுகள் 2 ஆகிவிடும், சுழல் வரிசையும் 6-லிருந்து 2. வண்ணமும் கணக்கில் சேரும்: ஆறு இதழுக்கு இரண்டு நிறத்தை மாற்றி மாற்றிக் கொடுத்தால் சுழல் வரிசை 3.

60 சென்டிமீட்டர் சதுரப் பலகையில் ஒழுங்கு எண்கோணம் எப்படி வரைவது?

இரண்டு மூலைவிட்டமும் போட்டு மையம் காணுங்கள். மூலையிலிருந்து மையம் வரை 42.43 செ.மீ. அதே தூரத்தை நான்கு மூலைகளிலிருந்தும், அந்த மூலையில் சேரும் இரு பக்கங்களின் மீதும் குறியுங்கள். மொத்தம் எட்டுக் குறி. ஒவ்வொரு மூலைக்கும் அருகிலுள்ள இரண்டு குறிகளை இணைத்தால் வெட்ட வேண்டிய முக்கோணம் கிடைக்கும். அதன் குட்டைப் பக்கம் 17.57 செ.மீ. நூலால் குறிக்காதீர்கள், நூல் இழுபடும். மெல்லிய சட்டத்தில் இரண்டு ஆணி அடித்து அதைக் கவராயமாகப் பயன்படுத்துங்கள். வெட்டிய பின் எட்டுப் பக்கமும் 24.85, மையத்தைக் கடக்கும் நான்கு மூலைவிட்டமும் 64.94 செ.மீ. வர வேண்டும்.

பக்கத்தை மூன்றாகப் பிரித்து 20, 20, 20 என்று குறித்து மூலைகளை வெட்டுவது கைவசமான குறுக்குவழி. எட்டுக் கோணமும் சரியாக 135° வரும், அதனால் தவறு உடனே தெரியாது. ஆனால் பக்கங்கள் 20, 28.28 என்று மாறி மாறி வரும். சுழல் சமச்சீர் வரிசை 8-க்குப் பதில் 4. மேசைப் பலகையாகப் போட்டால் சற்றுத் தள்ளி நின்று பார்த்ததும் கண் கண்டுபிடித்துவிடும்.

சதுரத்தின் மூலையைச் செதுக்கி எண்கோணமாக்கும் வேலை நம் சிற்பிகளுக்குப் பல்லவர் காலத்திலேயே கைவந்தது. மண்டகப்பட்டுக் குடைவரைத் தூண்கள் மேலும் கீழும் சதுரம், நடுவில் எண்பட்டை. மாமல்லபுரத்துத் தர்மராஜ ரதத்தின் சிகரமும் எண்கோணம்.

ஐங்கோண ஓடுகளால் தரையை இடைவெளி இல்லாமல் நிரப்ப முடியுமா?

ஒழுங்கு ஐங்கோணத்தால் முடியாது. உட்கோணம் 108°, மூன்று சேர்ந்தால் 324°, மீதி 36° இடைவெளி, நான்காவது நுழையாது. ஒரே வகை ஒழுங்கு பலகோணத்தால் தரை நிரம்ப வேண்டுமானால் உட்கோணம் 360-ஐ மீதியின்றி வகுக்க வேண்டும். முக்கோணம், சதுரம், அறுகோணம் மூன்றே தேறும். எண்கோணம் இரண்டு சேர்ந்தால் 270°, மீதி 90°-இல் ஒரு சிறு சதுரம் உட்காரும். பழைய வீடுகளின் தரையில் அந்த ஜோடியைப் பார்க்கலாம்.

அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து ஒழுங்கு எழுகோணம் வரையவே முடியாதா?

துல்லியமாக முடியாது, இது நிரூபிக்கப்பட்ட உண்மை. 1796-இல் ஜெர்மானியக் கணித அறிஞரான காஸ், பதினெட்டு வயதில், 17 பக்க ஒழுங்கு பலகோணத்தை இந்த இரு கருவிகளால் வரைய முடியும் என்று காட்டினார். எவையெல்லாம் முடியாது என்பதற்கான நிரூபணத்தை 1837-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் வான்ட்செல் முடித்தார். 7, 9, 11, 13 பக்கங்கள் அந்தப் பட்டியலில் விழுகின்றன.

கைவேலைக்குப் போதுமான தோராய முறை ஒன்று உண்டு. வட்டத்துக்குள் ஒரு சமபக்க முக்கோணம் வரைந்து, அதன் பக்கத்தில் பாதியைக் கவராயத்தில் எடுத்து வட்டத்தின் மீது ஏழு முறை வையுங்கள். 10 செ.மீ. ஆர வட்டத்தில் தேவையான நீளம் 8.68 செ.மீ., இந்த முறை தருவது 8.66. ஏழாவது குறி தொடங்கிய இடத்துக்கு ஏறக்குறைய 1.4 மில்லிமீட்டர் முன்பே நின்றுவிடும். கவராயத்தை முள்முனை அளவு, அதாவது 0.2 மில்லிமீட்டர், விரித்து மறுபடி சுற்றி வந்தால் அந்த இடைவெளி மூடிக்கொள்ளும்.